நடத்தைப் பொருளியலுக்குக் கணக்கு வேண்டாமா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் தமிழ்வழியில் பி.ஏ. பொருளியல் இறுதியாண்டு படிக்கிறேன். முதுகலையில் நடத்தைப் பொருளியல் படிக்க ஆசை. கணக்கு அதிகம் தேவைப்படாத படிப்பு என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மையல்ல. மக்கள் பண முடிவுகளை உண்மையில் எப்படி எடுக்கிறார்கள் என்று உளவியலின் துணையோடு ஆராய்வதே நடத்தைப் பொருளியல். மனத்தைப் பற்றிய படிப்புதானே என்று நம்பிச் சேர்ந்தால் முதல் பருவத்திலேயே திணற நேரிடும்.

உளவியலாளரான டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கியுடன் சேர்ந்து 1979-இல் வெளியிட்ட கட்டுரையே இத்துறையின் அடித்தளம். கானமனுக்கு 2002-இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. இலாபம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு நட்டம் தரும் வலி பெரிது என்று அவர்கள் காட்டினர். உங்கள் மாவட்டத்துப் புளி வியாபாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிடங்கில் புளியை இருப்பு வைத்திருப்பவரிடம் போன மாதம் கிலோ 130 ரூபாய்க்குக் கேட்டவர்கள் இன்று 110-க்குக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடக்கவிலை 90 ரூபாய்தான் என்றாலும், கைக்கு வரும் 20 ரூபாய் இலாபத்தை விட்டுவிட்டு, கைநழுவிய 20 ரூபாயையே அவர் நட்டமாக எண்ணி, வாடகை கட்டிக்கொண்டு காத்திருக்கக்கூடும். ஆனால் விலை மீண்டும் ஏறும் என்ற நியாயமான கணிப்பும் அவரைக் காத்திருக்க வைக்கலாம் அல்லவா? இவ்விரண்டில் எது காரணம் என்று பிரித்தறிவதுதான் இத்துறையின் உண்மையான வேலை. புள்ளியியல் இல்லாமல் அது நடக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. உறுதிமொழிக் கையெழுத்தைப் படிவத்தின் மேற்பகுதியில் வாங்கினால் மக்கள் நேர்மையாகத் தகவல் தருவார்கள் என்று கூறி 2012-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, தரவு புனையப்பட்டது என்று தெரியவந்ததால் 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. அதில் கார் காப்பீட்டுப் படிவங்களில் வாடிக்கையாளர்கள் எழுதியதாகக் காட்டப்பட்ட, கார்கள் ஓடிய தூரம் 0 முதல் 50,000 மைல் வரை ஏறத்தாழ ஒரே சீராகப் பரவியிருந்தது. மக்கள் வண்டி ஓட்டும் தூரம் ஒருபோதும் அப்படி அமைவதில்லை. பரவலைப் படமாக வரைந்து பார்க்கத் தெரிந்தவர்களால்தான் அந்தப் புரட்டைக் கண்டுபிடிக்க முடிந்தது.

ஆகவே, பட்டத்தின் பெயரில் 'நடத்தை' என்ற சொல் இருக்கிறதா என்று தேடாதீர்கள். நுண்பொருளியலும், பொருளியல் தரவுகளைப் புள்ளியியல் கொண்டு ஆராயும் பொருளியல் அளவையியலும் அழுத்தமாகக் கற்பிக்கப்படும் பொதுவான எம்.ஏ. பொருளியலே போதும், நடத்தைப் பொருளியலை விருப்பப் பாடமாகவோ ஆய்வேட்டிலோ எடுத்துக்கொள்ளலாம். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் சேர எழுதவேண்டிய க்யூட் நுழைவுத் தேர்வில் வினாத்தாள் தமிழில் வராது என்பதால், ஆங்கிலப் பாடநூல் ஒன்றை இப்போதே தினமும் சில பக்கங்கள் வாசித்து வாருங்கள். மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் புள்ளியியல் பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். சேருமுன், கள ஆய்வுக்கு வழிகாட்டும் ஆசிரியர் அத்துறையில் இருக்கிறாரா என்று நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.