500 பத்திரிகைக்கு எத்தனை இலை?

கேள்வி: கும்பகோணம் பக்கத்தில் எங்கள் கிராமம். மகளுக்கு ஆவணியில் ஒரு வியாழக்கிழமை முகூர்த்தம். நகை எடுத்தாகிவிட்டது. மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து கையில் 7 லட்சம் இருக்கிறது. கடன் வாங்குவதில்லை என்று வீட்டில் முடிவு. கும்பகோணத்தில் பார்த்திருக்கும் மண்டபம் 90,000 ரூபாய் வாடகை. சமையல்காரர் முதல் நாள் இரவு ரிசப்ஷனுக்கு இலைக்கு 190, காலை டிபனுக்கு 120, முகூர்த்தச் சாப்பாட்டுக்கு 220 கேட்கிறார். வேளைக்கு 600 இலை என்று போட்டு 3,18,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார். பத்திரிகை எங்களுக்கு 350, சம்பந்தி வீட்டுக்கு 150. அவர்கள் சேலத்திலிருந்து 2 பஸ்ஸில் வருகிறார்கள். 7 லட்சத்துக்குள் முடியுமா?

பதில்: முடியும் ஐயா. ஆனால் அந்த 600-ஐ அப்படியே ஒத்துக்கொண்டால் முடியாது. இருபது வருஷமாகக் கல்யாணக் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். எஸ்டிமேட்டில் நான் முதலில் பார்ப்பது இலைக்கு என்ன விலை என்பதை இல்லை, எத்தனை இலை என்பதை. விலையில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி அரை நாள் பேசுவார்கள். எண்ணிக்கையை யாரும் கேட்பதில்லை.

உங்கள் 350 பத்திரிகையையும் ஒரு நோட்டில் மூன்று பக்கமாகப் பிரித்து எழுதுங்கள். முதல் பக்கம், குடும்பத்தோடு வந்து தங்கும் சொந்தம். 50 பத்திரிகை என்று வைத்துக்கொள்வோம், வீட்டுக்கு 4 பேர், 200 பேர். இவர்கள் மூன்று வேளையும் சாப்பிடுவார்கள். இரண்டாவது பக்கம், தெருக்காரர்கள், நண்பர்கள், வேலை பார்த்த இடத்து ஆட்கள். 180 பத்திரிகை, சராசரி ஒன்றரை ஆள், 270 பேர், ஒரு வேளைதான். மூன்றாவது, முறைக்காகக் கொடுப்பவை. மீதி 120 பத்திரிகையில் பாதிப் பேர் வந்தாலே அதிகம். 60 என்று போடுங்கள், அவர்களுக்கும் ஒரு வேளை.

சம்பந்தி வீட்டின் 150 பத்திரிகையை எண்ணவே வேண்டாம். வரப்போவது 2 பஸ். சீட்டை எண்ணினால் போதும், 100 பேர், மூன்று வேளை.

உங்கள் முகூர்த்தம் வியாழக்கிழமை. வேலை நாள் என்பதால் ஒரு வேளைக்காரர்கள் 330 பேரில் பெரும்பாலோர் முதல் நாள் இரவே ரிசப்ஷனுக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார்கள். (ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தமாக இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்.) இரவுக்கு 220, மதியத்துக்கு 110 என்று பிரிக்கலாம். இதோடு எல்லோரும் மறக்கிற ஒரு வகை உண்டு: நாதஸ்வரக் குழு, வீடியோக்காரர்கள், மேடை போடுபவர்கள், டிரைவர்கள், மண்டபத்து ஆட்கள். வேளைக்கு 30 இலை இவர்களுக்கு.

ஆக இரவு 550, காலை 330, மதியம் 440. ரூபாயில் 1,04,500, 39,600, 96,800. மொத்தம் 2,40,900. சமையல்காரர் சொன்னதை விட 77,100 குறைவு, ஒரு பதார்த்தத்தைக் கூடக் குறைக்காமல். உங்கள் நோட்டில் எண்கள் வேறு மாதிரி வரலாம். வேளைக்கு வேளை தனித்தனியாக எண்ண வேண்டும், அதுதான் முக்கியம். மூன்று வேளைக்கும் ஒரே எண் போட்டிருக்கும் எஸ்டிமேட்டை யாரும் உட்கார்ந்து எண்ணியிருக்க மாட்டார்கள்.

சமையல்காரரிடம் இரவுக்கு 500, காலைக்கு 300, மதியத்துக்கு 400 என்று குறைந்தபட்ச இலை பேசுங்கள். அதற்கு மேல் ஐம்பது இலை வரை வந்தாலும் அதே ரேட், சமாளிப்பது அவர் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். நல்ல சமையல்காரர் இதற்கு மறுக்க மாட்டார். சாம்பாரும் ரசமும் பத்து சதவீதம் இழுக்கும். ஸ்வீட்டும் வடையும்தான் இழுக்காது, அவற்றை மட்டும் கூடுதலாகச் செய்து வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் இலையை எண்ணுவது. என் தங்கை கல்யாணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது நான் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. சாப்பாடு முடிந்து சமையல்காரர் 680 இலை என்று பில் நீட்டினார். அப்பா பையைத் திறந்துவிட்டார். பெரியப்பா மட்டும் பேசாமல் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் நாற்காலிகளை எண்ணிவிட்டு வந்தார். 120 நாற்காலி. நாலு பந்தி நிறைய, கடைசிப் பந்தி பாதி. எப்படிக் கூட்டினாலும் 540-க்கு மேல் போகாது. பரிமாறும்போது கிழிந்த இலை, பின்கட்டில் சாப்பிட்டவர்கள், குழந்தைகளுக்குத் தனியாகப் போட்டது என்று சமையல்காரர் இழுத்துப் பார்த்தார். கடைசியில் 560-க்கு வாங்கிக்கொண்டு போனார். அந்த 120 இலைப் பணத்தில்தான் மாப்பிள்ளையை மறுவீட்டுக்கு அழைத்தோம்.

அதனால் பந்திக்கு ஒரு ஆளை நிறுத்துங்கள். போட்டோவுக்கு அடிக்கடி கூப்பிடப்படாத, கூச்சமில்லாத ஒரு சித்தப்பா மகன் போதும். பந்தி தொடங்குமுன் இலைக்கட்டு எத்தனை என்று எண்ணி, ஒவ்வொரு பந்திக்கும் போட்ட இலையை ஒரு தாளில் குறித்து, அங்கேயே சமையல்காரரின் ஆளிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். மறுநாள் பேசிக்கொள்ளலாம் என்றால் அவ்வளவுதான்.

பணம் கொடுப்பதில் ஒன்று. ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மூன்று தவணையாகக் கொடுத்தாலும் கல்யாணம் ஒன்றுதான் என்பதால் சேர்த்தே கணக்கு. அபராதம் வாங்கியவருக்குத்தான், என்றாலும் சமையல் பணத்தை வங்கி வழியாகவோ ஜிபேயிலோ அனுப்பினால் உங்களுக்கும் ஒரு ரசீது ஆச்சு.

இனி மண்டபம். 90,000 என்பது பூட்டைத் திறந்துவிட மட்டும். ஜிஎஸ்டி பில் போடும் மண்டபமாக இருந்தால் 18 சதவீதம், 16,200 சேரும். மின்சாரம் மீட்டர்படி தனி, ஜெனரேட்டர் டீசல் தனி, துப்புரவுக்குத் தனி. ஏசி அறைகளுக்குத் தனியாக வாங்கும் இடங்களும் உண்டு. இவற்றுக்கு 25,000 ஒதுக்குங்கள். ஆக மண்டபம் உங்களுக்கு ஏறத்தாழ 1,31,000. சாவி வாங்கும்போதே ஈபி மீட்டரையும் ஜெனரேட்டர் மீட்டரையும் செல்போனில் படம் எடுத்து, மண்டப மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போதும் அதே மாதிரி. மண்டபத்துப் பாத்திரத்தை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுப்பது சமையல்காரர் வேலை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முன்பணம் கொடுக்குமுன் இரண்டு கேள்வி கேட்டாக வேண்டும். எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள்? பிற்பகல் 3 மணி என்றால், மாலை ரிசப்ஷனுக்கு மேடை போட மூன்று மணி நேரம்தான் இருக்கிறது. முந்தின கல்யாணக்காரர்கள் தாமதித்தால் அதுவும் இல்லை. இரண்டாவதைக் கேட்க வாய் வராது, ஆனாலும் கேளுங்கள். வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்து தேதி மாறினால் முன்பணத்தை வேறு முகூர்த்தத்துக்கு மாற்றித் தருவார்களா? ரசீதின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதி வாங்கினால் போதும்.

மற்ற செலவுகளை வேகமாகச் சொல்கிறேன். துணிமணி 1 லட்சம், போட்டோ வீடியோ 60,000, மேடையும் பூவும் 60,000, மேளமும் ஐயரும் 35,000, பத்திரிகை தாம்பூலப் பை 25,000, சம்பந்தி வீட்டார் தங்கும் அறை, உள்ளூர் வண்டி 25,000. மொத்தம் 3,05,000. சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் போட்டால் 2,53,000. மண்டபத்தையும் சேர்த்தால் 6,89,000 வருகிறது. அதாவது மிச்சம் 11,000. கல்யாண வீட்டில் 11,000 என்பது ஒரு மணி நேரத்துக் காசு. எப்படியாவது 50,000 தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

எங்கே குறைப்பது? நான் மேடையில் குறைப்பேன். ஆவணி பூ விலைக்கு நல்ல மாதம் இல்லை. வளர்பிறை முகூர்த்தங்களோடு விநாயகர் சதுர்த்தியும் அந்த மாதத்தில்தான் வருகிறது. ஓணத்துக்கு வேறு தோவாளையிலிருந்து பூ கேரளாவுக்குப் போகும். முழு மேடையையும் நிஜப் பூவில் கேட்டால், அன்றைய சந்தை விலை உங்கள் தலையில்தான் விழும். பின்புறம் துணி, விளக்கு. முன்னால் மட்டும் நிஜப் பூ. மாலைக்கும் மல்லிகைச் சரத்துக்கும் இப்போதே பூக்காரருக்கு முன்பணம் கொடுத்து, இத்தனை மாலை, இத்தனை முழம், இன்ன விலை என்று முடித்துவிடுங்கள். இதில் 25,000 தேறும்.

தாம்பூலப் பை குடும்பத்துக்கு ஒன்றுதான், ஆளுக்கு ஒன்று இல்லை. ஆள் கணக்கில் தேங்காய் வாங்கிப் பாதியை வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். போட்டோவில், கல்யாணத்துக்கு முன்னால் ஆற்றங்கரையில் ஓடவிட்டு எடுப்பதை விட்டுவிடலாம். அதுபோக மீதியை மூன்று தவணையாகக் கொடுங்கள். கடைசித் தவணை ஆல்பம் கைக்கு வந்த பிறகு. எல்லாம் சேர்த்து 40,000 கிடைத்துவிடும்.

மேளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். நரசிங்கன்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர் உங்களுக்குக் கூப்பிடு தூரம். நல்ல நாதஸ்வரக்காரர்கள் சைக்கிளில் வரும் தூரத்தில் இருக்கும்போது, செண்டை மேளத்தை வரவழைத்து அதற்கு வண்டிக் கூலியும் கொடுப்பது என்ன கணக்கோ, எனக்குப் புரிவதில்லை.

மொய்யை வரவில் எழுத வேண்டாம். திருப்பிச் செய்ய வேண்டிய பணம் அது. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் கல்யாணத்துக்காக வரும் அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது. பெற்றோர் பெயரில் வருவதற்கு அந்தச் சலுகை இல்லை. எனவே பெரிய தொகை செக்காக வந்தால் மணமக்கள் பெயரில் எழுதச் சொல்லுங்கள்.

பத்திரிகை அச்சுக்குப் போகுமுன், மணமக்கள் பெயர் ஆதாரில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டுவிட்டுப் பதிவு அலுவலகத்தில் நிற்பவர்கள் நிறைய. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துத் திருமணமானாலும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம். இரண்டு பத்திரிகையை ஃபைலில் எடுத்து வைத்துவிடுங்கள். கடைசியில் வீட்டில் ஒன்று கூட இருக்காது.

இன்னொன்று. சேலத்து பஸ் எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று சம்பந்தியிடம் இப்போதே கேளுங்கள். மதியம் 2 மணிக்குக் கிளம்பினால் வழியில் இரவு நேரம் வந்துவிடும். கட்டுச்சாதம் 100 பொட்டலம், புளியோதரையும் தயிர்சாதமும், சமையல்காரரிடம் தனியாக விலை பேசுங்கள். இலைக் கணக்கில் அது வராது. நீங்கள் சொல்லாவிட்டால், கிளம்புகிற நேரத்தில் அவர் சொல்வதுதான் விலை.