சும்ஜம் நீலச் சுரங்கம்: கேள்வி பதில்

காஷ்மீர் நீலம் பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். கல் பரிசோதனை என் தொழில். சுரங்க வரலாறு, கல்லின் குணம் இரண்டையும் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

கரூர் வாசகர்: இந்தச் சுரங்கம் எங்கே இருக்கிறது? எப்படிக் கிடைத்தது?

ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் மாவட்டத்தில் பாடர் பகுதி. சும்ஜம் என்ற சிற்றூருக்கு மேலே, சன்ஸ்கார் மலைத்தொடரில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1881 வாக்கில் ஒரு நிலச்சரிவு பாறையைப் பெயர்த்துப் போட்டதில் நீலப் படிகங்கள் வெளியே தெரிந்தன. மலை மக்கள் பொறுக்கியதை வியாபாரிகள் உப்புக்கு மாற்றிக்கொண்டு சிம்லா வரை கொண்டுபோனதாகச் சொல்வார்கள். மதிப்பு தெரிந்ததும் மகாராஜா ரண்பீர் சிங் சிப்பாய்களை அனுப்பி இடத்தைக் காவலுக்குள் கொண்டுவந்துவிட்டார். உலகம் இன்று கொண்டாடும் கற்களில் பெரும்பங்கு 1882 முதல் 1887 வரை எடுத்தவைதான்.

சேலம் வாசகர்: சனி தசை நடக்கிறது. நீலம் அணியலாமா?

ஜோதிடரைக் கேளுங்கள். வாங்கும்போது மட்டும் ஆய்வகச் சான்று இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

மதுரை வாசகர்: சுரங்கத்தில் இன்னும் டன் கணக்கில் கல் இருக்கிறதாம், வேண்டுமென்றே மூடி வைத்திருக்கிறார்களாம். உண்மையா?

இதற்குள் கோவை வாசகர் ஒருவர், "எல்லாம் 1887-லேயே தீர்ந்துவிட்டது, வீண் பேச்சு" என்று எழுத, மதுரைக்காரர் மறுக்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இருவர் சொல்வதிலும் பாதிதான் சரி.

மகாராஜா பிரதாப் சிங் காலத்தில், 1887-ல், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் லா டூஷ் நேரில் போய்ப் பார்த்தார். பழைய குழி அநேகமாகக் காலியாகியிருந்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1906 முதல் 1908 வரை ஒரு நிறுவனம் குத்தகைக்கு எடுத்துத் தோண்டியது. 1927-ல் அருகிலேயே புது இடத்தில் நிறையவே கிடைத்தது; தரத்தில்தான் பழைய குழிக் கற்களை எட்டவில்லை. கோவைக்காரருக்கு இதுதான் பதில்.

மதுரைக்காரருக்கு: அங்கே கல் எப்படி உருவானது என்று பாருங்கள். பெக்மடைட் என்ற பாறைக்குழம்பு, மக்னீசியம் மிகுந்த, சிலிகா குறைந்த பாறைக்குள் புகுந்தது. அந்தப் பாறை குழம்பிலிருந்த சிலிகாவை இழுத்துக்கொள்ள, மிஞ்சிய அலுமினியம் குருந்தம் என்ற கனிமமாகப் படிகமாயிற்று. அதில் இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். இது நடப்பது சின்னச் சின்னத் திட்டுகளில்தான். நிலக்கரி மாதிரி அடுக்கடுக்காகக் கிடக்காது. வருஷத்தில் இரண்டு மூன்று மாதம்தான் பனி விலகும். மூடிக் கிடப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். மலைக்குள் இன்னும் ஒரு திட்டு இருக்கலாம். டன் கணக்கு என்பதை ஏற்கமாட்டேன்.

திருச்சி வாசகர்: தாத்தா வைத்திருந்த மோதிரக் கல் காஷ்மீர் நீலம் என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?

இதைக் கேட்டதற்கு மகிழ்ச்சி. காஷ்மீர்க் கல்லில் வெளிச்சம் பளிச்சென்று சிதறாது. நீலப் பட்டு வெல்வெட் மேல் வெளிச்சம் படுகிற மாதிரி மெத்தென்று பரவும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள்கள் ஒளியை மழுப்புவதால் வருவது அது. கல்லைத் தண்ணீரில் அமிழ்த்தி, பின்னால் வெள்ளைத் தாள் வைத்துப் பாருங்கள். நீலமும் வெளிறிய பகுதியும் நேர்க்கோட்டுப் பட்டைகளாகப் பிரிந்து தெரியலாம். இலங்கைக் கல்லிலும் பட்டைகள் உண்டு, மடகாஸ்கர்க் கல்லிலும் வெல்வெட் தோற்றம் வரும். அதனால் முடிவு நுண்ணோக்கியில்தான்: பார்கசைட், டூர்மலின் போன்ற கனிமங்கள் உள்ளே சிக்கியிருந்தால் காஷ்மீருக்கு வலுவான சாட்சி. கண்ணால் பார்த்தே ஊர் சொல்பவரை நம்பாதீர்கள்.

ஈரோடு வாசகர்: விலை என்ன?

2015 அக்டோபரில் ஹாங்காங் ஏலத்தில் 27.68 காரட் கல் ஒன்று 67 லட்சம் டாலர் அளவுக்குப் போனது. அதைக் காட்டி உங்களிடம் விற்க வருபவரிடம் முதலில் சான்றைக் கேளுங்கள்.

நாமக்கல், தஞ்சை, வேலூர் வாசகர்கள்: நீலம் எந்த விரலில் போட வேண்டும்?

சேலத்துக்குச் சொன்னதே. இனி இந்தக் கேள்வியை எடுக்கமாட்டேன்.

யாழ்ப்பாண வாசகர்: எங்கள் சிலோன் நீலம் இதைவிட மட்டமா?

மட்டமே இல்லை. ரத்தினபுரிக் கல்லின் ஒளியும் தெளிவும் தனி. இலங்கைக் கல்லில் கேட்க வேண்டியது வேறு: சூடேற்றியதா, இல்லையா? 1970-களிலிருந்து, பால் நிறத்தில் கிடக்கும் கெவுடா கற்களைத் தாய்லாந்தில் உலையில் வைத்து நீலமாக்குகிறார்கள். சூடேற்றுவது மோசடியல்ல, மறைத்து விற்பதுதான் மோசடி. சான்றில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

சென்னை வாசகர்: சுரங்கத்தைப் போய்ப் பார்க்கலாமா?

மச்சைல் மாதா கோயில் யாத்திரைக்காலத்தில் பாடர் பள்ளத்தாக்கு வரை போகலாம். சுரங்கத்துக்கு அனுமதியில்லாமல் ஏற முயலாதீர்கள். 2025 ஆகஸ்ட் 14 அன்று, யாத்திரை வழியிலுள்ள சோசிட்டியில் திடீர் வெள்ளம் பலரைக் கொண்டுபோனது. கிளம்பும் முன் வானிலை எச்சரிக்கையைக் கட்டாயம் பாருங்கள்.