அப்பா இருக்கும்வரை பிள்ளைதான்: ரோமர்களின் வயதுக் கணக்கு

பண்டைய ரோமர்களின் குடும்ப வாழ்க்கை பற்றி வந்த கேள்விகளில் சில.

ரோமில் ஒரு பையன் எந்த வயதில் பெரியவன் ஆவான்?

வயது இதுதான் என்று வரையறை கிடையாது. பெரும்பாலும் 14க்கும் 17க்கும் நடுவில் அப்பா முடிவு செய்வார். மார்ச் 17இல் வரும் லிபராலியா திருவிழாவைப் பலர் தேர்ந்தெடுத்தார்கள். குழந்தையிலிருந்து கழுத்தில் கிடந்த ‘புல்லா’ தாயத்தைக் கழற்றி வீட்டுத் தெய்வங்களுக்குப் படைத்துவிட்டு, உடலைச் சுற்றிப் போர்த்தும் ‘டோகா’ என்ற ஆடையில், கரை போட்டதை விட்டு வெள்ளை டோகா உடுத்துவான். அப்புறம் உறவினர் சூழ ஊரின் பொதுக்கூடமான ஃபோரத்துக்குப் போவார்கள்.

பெண்ணுக்கும் இப்படிச் சடங்கு உண்டா சார்?

கல்யாணம்தான். சட்டப்படி 12 வயது போதும். கல்யாணத்துக்கு முன் விளையாட்டுப் பொம்மைகளைத் தெய்வத்துக்குக் கொடுத்துவிடுவாள். 1889இல் ரோமில் கிரெபெரெயா ட்ரிஃபைனா என்ற இளம்பெண்ணின் கல் சவப்பெட்டி கிடைத்தது. உள்ளே தந்தத்தில் செய்த பொம்மை; முழங்கையும் முழங்காலும் மடங்கும், விரலில் குட்டிச் சாவி வைத்த மோதிரம். கல்யாணத்துக்கு முன்பே இறந்திருப்பாள் என்கிறார்கள். அந்தப் பொம்மையின் படத்தைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது.

ஒரே வீட்டில் எல்லாப் பெண்களுக்கும் ஒரே பெயரா?

ஆமாம், குலப்பெயரின் பெண்பால்தான் பெயர். துல்லியுஸ் குலத்தவரான, பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோவின் மகள் துல்லியா. அடுத்தடுத்துப் பெண் பிறந்தால் பெரியவள், சின்னவள், மூன்றாமவள் என்று ஒட்டு மட்டும் சேரும்.

வெள்ளை டோகா உடுத்தியதும் சுதந்திரம்தானே?

அதுதான் இல்லை. அப்பா உயிரோடு இருந்தால் 40 வயது மகன் சம்பாதித்ததும் சட்டப்படி அப்பாவுடையது. படையில் சம்பாதித்ததற்கு மட்டும் முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் விலக்கு வந்தது. பெண் நிலை இன்னும் மோசம்: அப்பா போன பிறகும் பெரிய சொத்து விவகாரங்களுக்குக் காப்பாளர் ஒப்புதல் வேண்டும். மூன்று பிள்ளை பெற்றவளுக்கு அகஸ்டஸ் அதிலிருந்து விடுதலை கொடுத்தார். அடிமையாயிருந்து விடுதலையானவள் என்றால் நான்கு.

சராசரி ஆயுள் 30க்குள் என்கிறார்களே, அப்போ 30 வயதில் கிழவனா?

சிசு மரணம் அதிகம் என்பதால் சராசரி அப்படிக் குறைகிறது. படைக் கணக்கில் 46 வயது வரை இளையோர் பட்டியல்தான். சிசரோ 60 வயதில் மனைவி டெரென்ஷியாவைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு சின்னப் பெண்ணைக் கட்டினார். அது ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. டெரென்ஷியா 103 வயது வரை இருந்ததாக ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார்.