வண்டி கேள்வி-பதில்: கூலன்ட்டுக்குள் எண்ணெய் எப்படி வந்தது?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர்:

அண்ணா வணக்கம். என்னுடையது 2014 மாடல் டீசல் கார், 1,20,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மாதம் குடும்பத்தோடு ஏலகிரி போய் வந்தோம். மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே போனது, இறங்கியதும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மறுநாள் காலையில் பானெட்டைத் திறந்தால், இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் இருக்கும் டேங்கில் பில்டர் காபி நுரை மாதிரி ஏதோ மிதக்கிறது, தொட்டால் விரலெல்லாம் பிசுக்கு. ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன், ஆயில் சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் லெவல் குறைந்திருக்கிறது. மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, ஹெட்டை இறக்கணும், 35,000 ஆகும்" என்கிறார். இறக்கச் சொல்லலாமா?

பதில்:

இப்போது வேண்டாம் தம்பி. ஹெட் என்பது இன்ஜினின் மேல் மூடி, ஹெட் கேஸ்கெட் என்பது அதற்கும் கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு. ஹெட்டை இறக்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய பொருள் ஒன்று உங்கள் வண்டியில் இருக்கிறது, ஆயில் கூலர். இன்ஜின் ஆயிலின் சூட்டைக் கூலன்ட்டுக்குக் கடத்துவது இது, உள்ளங்கை அளவுதான் இருக்கும். பல டீசல் இன்ஜின்களில் ஆயில் பில்டர் மாட்டியிருக்கும் இடத்தை ஒட்டியே இதையும் வைத்திருப்பார்கள். மெல்லிய அலுமினியத் தகடுகளை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தது, ஒரு அடுக்கில் இன்ஜின் ஆயில் போகும், அடுத்த அடுக்கில் கூலன்ட் போகும், நடுவில் இருப்பது அந்தத் தகடு மட்டும்தான். தகட்டில் பொடி ஓட்டை விழுந்தாலோ, அதை உட்கார வைத்திருக்கும் ரப்பர் சீல் காய்ந்து போனாலோ இரண்டும் கலந்துவிடும்.

கலப்பது ஏன் ஒரு பக்கமாக மட்டும் நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். கார் டயருக்கு 33 பிஎஸ்ஐ காற்று அடிக்கிறோம் அல்லவா, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் இன்ஜினில் கூலன்ட்டின் அழுத்தம் அதில் பாதி, சுமார் 15 பிஎஸ்ஐ, வண்டிக்கு வண்டி கொஞ்சம் கூடும். ஆயில் பம்ப் தள்ளும் அழுத்தமோ ரோட்டில் போகும்போது 45 முதல் 60 பிஎஸ்ஐ வரை இருக்கும். அழுத்தம் அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்குத்தான் எதுவும் போகும், அதனால் ஆயில் கூலன்ட்டுக்குள் போகிறது, கூலன்ட் ஆயிலுக்குள் வரவில்லை. உங்கள் ஸ்டிக் சுத்தமாக இருப்பதற்கும் ஆயில் லெவல் குறைந்ததற்கும் இதுவே காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவையும் ஏறும்போது இன்ஜின் திணறி ஓடுகிறது, சூடும் அழுத்தமும் கூடுகிறது, ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்தது அன்றைக்குக் கண்ணில் பட்டிருக்கிறது.

ஆனால் ஸ்டிக் சுத்தமாக இருப்பதை மட்டும் நம்பி வண்டியை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். இன்ஜினை அணைத்ததும் ஆயில் அழுத்தம் உடனே விழுந்துவிடும், கூலன்ட் மட்டும் சூட்டில் அழுத்தத்தோடு நிற்கும். அந்த நேரத்தில் அதே ஓட்டை வழியாகக் கூலன்ட் ஆயில் பக்கம் இறங்கலாம். கூலன்ட் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். இதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது: ராத்திரி முழுக்க வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பின் அடி நட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில் தங்கியிருக்கும், இருந்தால் அதுதான் முதலில் சொட்டும்.

ஹெட் கேஸ்கெட்டையும் சும்மா விடக்கூடாது, அதையும் சோதித்துத்தான் ஒதுக்க வேண்டும். இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும் காலை நேரத்தில் டேங்க் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு உள்ளே பாருங்கள் (சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்கவே வேண்டாம், முகம் வெந்துவிடும்). சோடா பாட்டில் மாதிரி விடாமல் குமிழி வந்தால் சிலிண்டரின் கேஸ் கூலன்ட்டுக்குள் புகுகிறது. அதேபோல மூடியைப் போட்டு, ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்துக்குள் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலும் சந்தேகம் கேஸ்கெட் மேல்தான், ஏனென்றால் அவ்வளவு சீக்கிரம் சூட்டில் அழுத்தம் ஏறாது. சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வருவது, ஒரு சிலிண்டர் மிஸ் ஆவது, இதெல்லாமும் அந்தப் பக்கத்து அடையாளங்கள். எதுவுமே இல்லையென்றால் ஆயில் கூலரைக் கழற்றச் சொல்லுங்கள். கேஸ்கெட்டிலேயே ஆயில் வழிக்கும் தண்ணீர் வழிக்கும் நடுவில் மட்டும் அரித்துப் போயிருந்தால் இந்தச் சோதனைகளில் தெரியாமல் போகலாம், அது உண்மை. அதனால்தான் சுலபமாகக் கழற்ற முடிவதை முதலில் கழற்ற வேண்டும் என்கிறேன்.

போன வருடம் செய்யாறு பக்கமிருந்து ஒரு வண்டி எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. வேறோர் இடத்தில் ஹெட்டை இறக்கி, லேத்தில் ஃபேசிங் செய்து (அடிப்பரப்பைச் சமமாகச் சீவி), புது கேஸ்கெட் போட்டு, பத்தே நாளில் டேங்கில் திரும்பவும் அதே நுரை. அந்த வீட்டுக்காரம்மா என் முன்னால் நின்று "இன்னாண்ணா இது, அவ்ளோ செலவு பண்ணியும் அப்டியே கீது" என்றபோது எனக்கே தொண்டை அடைத்தது. ஆயில் கூலரைக் கழற்றி, கூலன்ட் போகும் ஒரு வாயை ரப்பர் வைத்து போல்ட் போட்டு அடைத்து, இன்னொரு வாயில் காற்று ஹோஸை மாட்டி, பக்கத்து பஞ்சர் கடைக்காரரின் தொட்டியில் வெந்நீர் ஊற்றி அதில் முக்கினோம். 40 பிஎஸ்ஐ வரை ஒன்றுமில்லை. ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருந்தோம். ஆயில் பக்கத்துத் துளையிலிருந்து கடுகு அளவு குமிழி ஒன்று வந்தது, பிறகு இன்னொன்று, பிறகு வரிசையாக. அவ்வளவு சின்ன ஓட்டைதான் அந்த வண்டியை அந்தப் பாடு படுத்தியது. டியூப் பஞ்சர் பார்க்கத் தெரிந்த எவரும் செய்யக்கூடிய சோதனை இது, கூலர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம், குளிர்ந்த உலோகத்தில் சில ஓட்டைகள் வாயை மூடிக்கொள்ளும்.

கூலர் போயிருந்தால் ஒட்டுப் போட வேண்டாம், புதிதாகவே மாற்றுங்கள். சீல் மட்டும் போயிருந்தால் செலவு இன்னும் குறைவு. எதுவானாலும் ஆயிலையும் பில்டரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். கூலர் நன்றாக இருந்து கேஸ்கெட்தான் என்று ஆனால், ஹெட்டை இறக்கியதும் விரிசல் டெஸ்ட் செய்யாமல் திரும்ப ஏற்ற விடாதீர்கள். ஹெட் வளைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், நேர்ப்பட்டையை வைத்து ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை இடுக்கில் நுழைத்துப் பார்ப்பார்கள், பெரும்பாலான அலுமினிய ஹெட்டுக்கு 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருக்கக்கூடாது என்பார்கள், உங்கள் இன்ஜினின் அளவு மேனுவலில் இருக்கும். ஒரு தடவை முறுக்கி இழுபட்ட ஹெட் போல்ட்டைத் திரும்பப் போடக்கூடாத இன்ஜின்களே இப்போது அதிகம், புது போல்ட் கேளுங்கள்.

இனிமேல்தான் பெரிய வேலை, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஓட்டையை அடைத்தாயிற்று, ஆனால் ரேடியேட்டரின் ஒவ்வொரு குழாயிலும், ஹீட்டரிலும், பிளாக்கின் உள்ளேயும் எண்ணெய் தடவியது போலப் படிந்திருக்கிறது. எண்ணெய்ப் படலம் சூட்டைச் சரியாகக் கடத்தாது. வெயிலூர் என்று நாமே பேர் வைத்திருக்கிற வேலூரில், 40 டிகிரி தாண்டும் கத்திரியில், அந்தப் படலத்தோடு வண்டி ஓடினால் நிச்சயம் சூடேறும்.

முதலில் டேங்கைத் தனியாகக் கழற்றி எடுத்துவிடுங்கள். வெந்நீர், பாத்திரம் விளக்கும் லிக்விட் கொஞ்சம், ஒரு பிடி அரிசி போட்டு மூடிக் குலுக்கினால் மூலையில் ஒட்டியிருப்பதெல்லாம் உரிந்து வரும், எண்ணெய் பாட்டில் கழுவ வீட்டில் செய்வதுதான். இன்ஜினுக்குள் அந்த லிக்விடை ஊற்றினால் நுரை பொங்கித் தொல்லை கொடுக்கும், எண்ணெய் எடுப்பதற்கென்றே விற்கும் கூலிங் சிஸ்டம் ஃபிளஷ் வாங்கிக்கொள்ளுங்கள். காஸ்டிக் சோடா போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும். இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, ஃபிளஷ் கலந்த தண்ணீர் நிரப்பி, உள்ளே ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி வைத்து (வேர்த்துக் கொட்டும், ஆனால் ஹீட்டர் வழியாகத் தண்ணீர் போக வேண்டும்) இருபது முப்பது நிமிடம் ஓட விடுங்கள். ஆறிய பிறகு தண்ணீரை இறக்குங்கள். ரேடியேட்டர் அடி நட்டோடு பிளாக்கில் இருக்கும் நட்டையும் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே அழுக்குத் தண்ணீர் தங்கிவிடும். அப்புறம் நல்ல தண்ணீர், திரும்ப இறக்கம், திரும்ப ஃபிளஷ். ஒரு தடவையில் முடியாது, ஐந்தாறு தடவை ஆகும், அதற்கு மேலும் ஆகலாம். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றி அவசரப்பட்டால் ஹெட்டில் விரிசல் விழும், அப்போது மெக்கானிக் முதலில் சொன்ன கணக்கே வந்துவிடும்.

இறங்கும் தண்ணீரில் ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரை நனைத்துக் காய விடுங்கள். காய்ந்த பிறகும் பஜ்ஜி சுற்றிய காகிதம் போலக் கறை தெரிந்தால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. கறையே இல்லாத பிறகு தெர்மோஸ்டாட்டைப் புதிதாகப் போட்டு, வெறும் டிஸ்டில்ட் வாட்டரோடு ஒரு 200 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, திரும்பவும் படலம் வரவில்லை என்றால் மட்டும் காசு கொடுத்துக் கூலன்ட் வாங்குங்கள். ஹோஸ்களை அழுத்திப் பாருங்கள், கூலன்ட் ஹோஸ் ரப்பருக்கு எண்ணெய் ஆகவே ஆகாது, ஊறி உப்பி, பழுத்த சப்போட்டா மாதிரி அமுங்கினால் மாற்றிவிட வேண்டும். இன்றைக்கு மாற்றாத ஹோஸ் பள்ளிகொண்டா டோல்கேட் வரிசையில் நிற்கும்போது வெடிக்கும்.

இறக்கிய கூலன்ட்டையும் எண்ணெயையும் சாக்கடையில் கொட்டாதீர்கள். கூலன்ட் இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துப் போகலாம். தோல் பதனிடும் ஷாப் கழிவால் பாலாறு கெட்டதை எதிர்த்து நம் மாவட்டத்துக்காரர்கள் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்தது, அந்த ஆற்றுக்கு நாமும் சேர்ந்து கெடுதல் செய்ய வேண்டாம். கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

ஆம்பூரிலிருந்து ஒரு வாசகி:

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெள்ளையாக வெண்ணெய் மாதிரி ஒட்டியிருக்கிறது. கூலன்ட் சுத்தமாக இருக்கிறது, குறையவும் இல்லை. பிள்ளைகளைப் பள்ளியில் விட 2 கிலோமீட்டர் போய் வருவதைத் தவிர வண்டி எங்கும் போவதில்லை. பயமாக இருக்கிறது அண்ணா.

பதில்:

பயப்பட வேண்டாம் அம்மா. 2 கிலோமீட்டரில் இன்ஜின் முழுதாகச் சூடாவதே இல்லை, உள்ளே வியர்க்கும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலோடு சேர்ந்து மூடியில் படிகிறது. மழைக்காலத்திலும் மார்கழியிலும் அதிகம் தெரியும். மூடியைத் துடைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வேலூர் வரை நிறுத்தாமல் ஒரு நடை போய் வாருங்கள். மூன்று நான்கு வாரம் அப்படி ஓட்டியும் திரும்ப வந்தால், அல்லது கூலன்ட் லெவல் இறங்கினால், உடனே எழுதுங்கள்.

ஆரணியிலிருந்து ஒரு வாசகர்:

என் ஆட்டோமேட்டிக் காரின் ரேடியேட்டரில் ரோஸ்மில்க் மாதிரி வருகிறது. மெதுவாக ஓட்டி வேலூருக்குக் கொண்டு வரலாமா?

பதில்:

ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், டோ செய்யுங்கள். சில ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலை ஆற வைக்கும் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது, அந்த ஆயில் சிவப்பு, அது கூலன்ட்டில் கலந்தால் இந்த நிறம்தான் வரும். உங்களுக்கு ரேடியேட்டர் மாற்றுவது பெரிய விஷயமாக இராது, கியர்பாக்ஸுக்குள் தண்ணீர் போயிருக்கிறதா என்பதுதான் கவலை. உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளின் ஒட்டு தண்ணீரில் ஊறிப் பிரிந்துவிடும், எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீர்களோ அத்தனை கெடுதல். கியர்பாக்ஸ் ஆயிலும் பால் கலந்தது போல இருந்தால் அதையும் முழுதாகக் கழுவி மாற்றச் சொல்லுங்கள்.

வாலாஜாவிலிருந்து ஒரு வாசகர்:

கூலன்ட்டோடு போர் தண்ணீர் கலக்கலாமா? ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடச் சொல்கிறார்களே?

பதில்:

நம் பக்கத்துப் போர் தண்ணீரைக் குடத்தில் பிடித்தாலே வெள்ளை படிகிறது, அதே சுண்ணாம்பு ரேடியேட்டர் குழாயிலும் படியும். பாதிக்குப் பாதி டிஸ்டில்ட் வாட்டர் கலந்தால் போதும், மூடியின் அழுத்தத்தோடு அது 129 டிகிரி வரை கொதிக்காது. மஞ்சள் தூள் நடுவழியில் வீடு வந்து சேர உதவலாம், அதற்கு மேல் ஹீட்டர் குழாயைத்தான் அடைக்கும்.

கணியம்பாடியிலிருந்து ஒரு வாசகர்:

டேங்கில் எண்ணெய் மிதக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன், கடைசியாகத் தண்ணீர் ஊற்றியது யார், எதில் ஊற்றினார் என்று விசாரிக்கச் சொன்னீர்கள். டிரைவரைக் கேட்டேன். ஹைவே ஹோட்டலில் கிடைத்த பழைய ஆயில் கேனில் தண்ணீர் பிடித்து ஊற்றினாராம்.

பதில்:

படித்ததும் எனக்கே நிம்மதியாக இருந்தது. கேனில் ஒட்டியிருந்தது இரண்டு ஸ்பூன் இருந்தாலும் டேங்க் முழுக்கப் படலம் போடும். இரண்டு மூன்று தடவை ஃபிளஷ் செய்துவிட்டு லெவலைக் குறித்து வைத்து ஒரு மாதம் பாருங்கள், ஆயிலும் குறையாமல் படலமும் வராமல் இருந்தால் எதையும் கழற்ற வேண்டியதில்லை. டிரைவரைத் திட்ட வேண்டாம், மறைக்காமல் சொன்னதால்தானே ஹெட் தப்பித்தது. டிக்கியில் ஒரு 5 லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர் கேன் வாங்கி வைத்துவிடுங்கள்.