ஏழு வயதுக் குழந்தைக்குச் செடி, விலங்குகளின் வாழ்க்கைச் சுழற்சியை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
வட்டப் படத்தைக் காட்டி மனப்பாடம் செய்ய வைப்பதற்கு முன்னால் ஒரு விதையை முளைக்க விடுங்கள். கண்ணாடி டம்ளருக்குள் ஈரப் பஞ்சை வைத்து, கண்ணாடிக்கும் பஞ்சுக்கும் நடுவில் அவரை விதையைச் செருகினால் எல்லாமே வெளியில் தெரியும். முதலில் வருவது இலை இல்லை, வேர்தான், அதுவும் விதையை எப்படித் திருப்பி வைத்தாலும் கீழ்நோக்கியே வளையும், இதைக் குழந்தை தானே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். அப்புறம் மண்ணுக்கு மாற்றி, பூத்துக் காய்த்துப் புது விதை கையில் வரும்வரை வளர்க்க வேண்டும். முளை வந்ததோடு நிறுத்திவிட்டால் சுழற்சி என்பதே புரியாது.

விலங்குகளுக்கு வண்ணத்துப்பூச்சி நல்ல தொடக்கம். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி. புழு எந்தச் செடியில் இருந்ததோ அதே செடியின் இலையைத்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டினி கிடந்து செத்துவிடும். கூடவே வெட்டுக்கிளியையும் சொல்லுங்கள், அதற்குக் கூட்டுப்புழுப் பருவமே கிடையாது, குஞ்சு பார்க்கவே சின்ன வெட்டுக்கிளி மாதிரிதான் இருக்கும், தோலை உரித்து உரித்து வளர்ந்து கடைசியில்தான் முழு இறகு வரும். தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் அறுந்து விழுவதில்லை, உடலே அதை உறிஞ்சிக்கொள்கிறது.

நடுவில் செடி வாடினாலோ பூச்சி செத்தாலோ குழந்தையிடம் மறைக்காதீர்கள், அதுவும் இந்தப் பாடத்தில் வருவதுதான்.