ரியூட்டில் எத்தனை பக்கம் போடலாம்?

கேள்வி: வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்குத் தமிழ் ரியூசன் வகுப்பு நடத்துகிறேன். ஒரு விமர்சன நூலின் இரண்டு அத்தியாயங்களையும் ஒரு சிறுகதையையும் போட்டோகொப்பி எடுத்து, வகுப்பில் கொடுக்கும் அச்சிட்ட பாடக்குறிப்பான ரியூட்டோடு சேர்த்துக் கொடுக்கலாமா? படிப்பிக்கத்தானே, பத்து வீதம் வரை பிரச்சினை இல்லை என்கிறார்கள். நூலகத்தில் பிரதி எடுத்தால் சரியாகிவிடுமா?

பதில்: முதலில் அந்தப் பத்து வீதத்தை மறந்துவிடுங்கள். பதிப்புரிமையையும் உள்ளடக்கிய இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் இதற்கான விதிகள் 11ஆம், 12ஆம் பிரிவுகளில் இருக்கின்றன, எங்கேயும் வீதக் கணக்கு கிடையாது. எத்தனை பக்கம் என்பதற்கு முன்னால் யார், எதற்காகப் பிரதி எடுக்கிறார் என்றுதான் சட்டம் பார்க்கிறது.

இதில்தான் உங்களுக்குச் சிக்கல். நேருக்கு நேர் நடக்கும் வகுப்புக்காக ஒரு கட்டுரையையோ சிறிய ஆக்கத்தையோ போட்டோகொப்பி எடுக்கலாம் என்ற சலுகை, நேரடியாகவோ மறைமுகமாகவோ இலாபம் பார்க்காத கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான். காலையில் அரச பாடசாலையில் ஓர் ஆசிரியர் அந்தச் சிறுகதையைக் கொப்பியடித்துக் கொடுத்தால் அதற்குள் வரலாம், அதுவும் எப்போதாவது ஒரு தடவை, ஒவ்வொரு தவணையும் வழக்கமாக அல்ல. பின்னேரம் அதே ஆசிரியர் மாதக் கட்டணம் வாங்கும் வகுப்பில் கொடுத்தால் வராது. அனுமதி கேட்காமலே நியாயமான அளவில் பயன்படுத்தலாம் என்கிற 11ஆம் பிரிவின் பொதுவான 'நியாயமான பயன்பாடு' இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கேயும் வணிக நோக்கமா, மூலநூலின் விற்பனை பாதிக்கப்படுமா என்று பார்ப்பார்கள். அந்த நூலை வாங்கக்கூடியவர்களே உங்கள் மாணவர்கள்தான் என்பதால் இரண்டு அத்தியாயங்களை முழுதாகக் கொடுப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் மேற்கோள் உங்களுக்கும் திறந்தே இருக்கிறது, கட்டணம் வாங்குவதால் அது இல்லாமல் போகாது. வெளியான ஒரு நூலிலிருந்து சிறு பகுதியை எடுத்து, நூலாசிரியர் பெயரையும் நூலின் பெயரையும் போட்டு, அதைப் பற்றி நீங்கள் எழுதும் விளக்கத்துக்குத் தேவையான அளவோடு நிறுத்தினால் அனுமதி கேட்கத் தேவையில்லை. நான் பார்க்கும் எளிய வழி இது: மேற்கோளை நீக்கிவிட்டு ரியூட்டை வாசித்துப் பாருங்கள், உங்கள் பாடம் அப்போதும் நின்றால் மேற்கோள் சரியான அளவில் இருக்கிறது, பக்கமே வெறுமையாகிவிட்டால் அது மேற்கோள் அல்ல, மறுபதிப்பு. விமர்சகரின் ஒரு பந்தியைப் போட்டு அதோடு பிள்ளைகளை வாதாட வைப்பது இரண்டு அத்தியாயத்தைக் கையில் கொடுப்பதைவிட நல்ல பாடமும்கூட.

நூலகத்துக்கு வருவோம். கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தைப் போல இலாப நோக்கமில்லாத ஒரு நூலகம், ஒருவர் கேட்டால், அவருடைய சொந்தப் படிப்புக்காக ஒரு கட்டுரையையோ சிறு பகுதியையோ ஒரே ஒரு பிரதி எடுத்துக் கொடுக்கலாம். முப்பது பிள்ளைகளையும் ஒருவர் பின் ஒருவராக அதே பக்கத்துக்கு அனுப்பினால் அது தனித்தனிக் கோரிக்கையாக இருக்காது, நூலகரையும் சங்கடத்தில் மாட்டிவிடுவீர்கள். அப்புறம், 'எனக்கு மட்டும்தான்' என்று சொல்லி முழு நூலையும் கொப்பியடிப்பதற்கும் இடமில்லை. சொந்தப் பாவனைக்குப் பிரதி எடுக்கலாம் என்ற சலுகை முழு நூலுக்கும் அதன் பெரும்பகுதிக்கும் பொருந்தாது என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது.

இந்தியப் பதிப்பு என்றால் கவலை இல்லை என்று நினைக்காதீர்கள், ஒரு நாட்டின் பதிப்புரிமையை மற்ற நாடுகளும் மதிக்க வேண்டும் என்கிற பேர்ண் உடன்படிக்கையின்படி அவற்றுக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. ஆசிரியர் காலமாகி 70 ஆண்டுகள் கடந்த ஆக்கங்களைத் தாராளமாக எடுக்கலாம். விபுலாநந்த அடிகள் 1947இல் மறைந்தார், அவருடைய எழுத்தை முழுதாகவே போடலாம், இன்றைய பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையையும் குறிப்புகளையும் மட்டும் விட்டுவிடுங்கள். இணையத்தில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும் நூலென்றால் இணைப்பை மட்டும் அனுப்புங்கள், கோப்பை இறக்கி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.

உங்கள் சிறுகதைக்கு, எழுத்தாளர் உயிரோடு இருந்தால், நேரே கேளுங்கள். நம் எழுத்தாளர்களில் பலர் சொந்தக் காசில் அச்சடித்த புத்தகங்களை வீட்டில் அடுக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள், வகுப்புக்கு இருபது பிரதி வேண்டும் என்றால் விலை குறைத்தே தருவார்கள். பிரதி எடுக்கத்தான் வேண்டுமென்றால் எந்தக் கதை, எத்தனை மாணவர், எந்த ஆண்டு என்று எழுதி, இருவரும் கையொப்பமிட்ட ஒரு கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.