குடிபோதைக்கு ஏன் இத்தனை பெயர்கள்?

அன்புள்ள ஐயா,

ஆங்கில நாவல்களில் ஒருவன் குடித்திருக்கிறான் என்பதைச் சொல்ல எத்தனை சொற்கள்! டிப்ஸி, ஹேமர்ட், பிளாஸ்டர்ட், த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட் என்று போய்க்கொண்டே இருக்கிறது. அகராதியைப் புரட்டியே அலுத்துவிட்டது. குடியைக் கொண்டாடுகிற சமூகம் என்பதால்தான் இத்தனையா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

கொண்டாட்டமும் உண்டுதான். ஆனால் சொற்கள் இப்படிப் பெருகியதற்கு மறைப்புதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். இதைத் தெளிவாகச் சொன்னவர் அமெரிக்க எழுத்தாளரும் அரசியல் தலைவருமான பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 1722ல், 16 வயதில், அண்ணனின் பாஸ்டன் பத்திரிகையில் ஒரு விதவையின் பெயரில் கட்டுரைகள் எழுதியபோதே இப்படிப்பட்ட சொற்களைக் கொஞ்சம் அடுக்கியிருந்தார். அப்புறம் 1737ல் தன் பத்திரிகையான பென்சில்வேனியா கெஜட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட சொற்களோடு குடிகாரர் அகராதி ஒன்றையே வெளியிட்டார். அதன் முன்னுரையில் அவர் சொல்வது இது: மற்ற தீய பழக்கங்கள் ஏதாவதொரு நல்ல குணத்தின் பெயரில் ஒளிந்துகொள்ளும், பேராசைக்காரன் தன்னை விவேகி என்பான், ஊதாரி தன்னைத் தாராளமானவன் என்பான், குடிக்கு மட்டும் அப்படிக் கடன் வாங்க ஒரு நல்ல பெயர் இல்லை. அதனால் சுற்றி வளைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது, அந்தப் பேச்சும் எல்லாருக்கும் புரிந்துபோனதும் புதிதாக ஒன்றைத் தேட வேண்டியிருக்கிறது.

அந்தப் பட்டியலைப் படித்தால் ஒரு துறைமுக ஊரே கண்முன் வரும். 'பார்படோஸ் போய்வந்தான்' என்று ஒன்று, அந்தக் கரீபியன் தீவிலிருந்து ரம் வந்துகொண்டிருந்தது. 'சுக்கானைத் தொலைத்துவிட்டான்' கப்பல்காரர்களின் பேச்சு. எனக்குப் பிடித்தது 'வர்ஜீனியா வேலி போடுகிறான்'. அங்கே குழி தோண்டிக் கம்பம் நடாமல், பிளந்த மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோணல்மாணலாக அடுக்கியே வேலி போடுவார்கள், அவன் நடையும் அப்படி!

இதையெல்லாம் தொகுத்தவர் இளம் வயதில் லண்டன் அச்சகத்தில் தண்ணீர் மட்டுமே குடித்து வேலை பார்த்தவர். கூட இருந்த ஒரு தொழிலாளி காலை உணவுக்கு முன்னால் ஒரு பைண்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) பியர், உணவோடு ஒன்று, அதற்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒன்று, சாப்பாட்டோடு ஒன்று, மாலை ஆறு மணிவாக்கில் ஒன்று, வேலை முடிந்ததும் ஒன்று என்று குடித்ததை அவர் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சனிக்கிழமை கூலியில் நாலைந்து ஷில்லிங் அதற்கே போய்விடும், அவர்களால் தலைதூக்கவே முடியவில்லை என்று வருந்துகிறார். அந்த வருத்தம் தெரிந்தால் பட்டியலை வெறும் வேடிக்கையாகப் படிக்க முடியாது.

அவர் சொன்னது இன்றும் நடக்கிறது. 1960களில் பிரிட்டிஷ் அமைச்சர் ஜார்ஜ் பிரவுனைப் பற்றி எழுதும்போது பிரைவேட் ஐ என்ற கேலிப் பத்திரிகை 'டயர்ட் அண்ட் எமோஷனல்' என்ற தொடரைப் பிரபலமாக்கியது. களைப்பாகவும் உணர்ச்சிவசப்பட்டும் இருக்கிறாராம்! இப்போது அங்கே அதைச் சொன்னாலே குடித்திருக்கிறார் என்றுதான் அர்த்தம், ஒளிய இடமில்லை. அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் இன்னொரு உறுப்பினரைக் குடித்திருக்கிறார் என்று சொல்லக்கூடாது. 1983ல் ஆலன் கிளார்க் என்ற இணை அமைச்சர் தடுமாறிப் பேசியபோது எதிர்க்கட்சி உறுப்பினர் கிளேர் ஷார்ட் அவரை 'இன்கேபபிள்', அதாவது இயலாத நிலையில் இருக்கிறார் என்றார். சபைக்கு உடனே புரிந்தது, ஆளுங்கட்சி வரிசையில் ஒரே கூச்சல். ஒயின் ருசி பார்த்துவிட்டுத்தான் வந்தேன் என்பதைக் கிளார்க்கே பின்னால் தன் நாட்குறிப்பில் எழுதினார்.

சரி, த்ரீ ஷீட்ஸ். ஷீட் என்பது இங்கே கப்பலின் பாய் இல்லை, பாயை இழுத்துக் கட்டும் கயிறு. அது அவிழ்ந்து காற்றில் போனால் பாய் படபடக்கும், கப்பல் தள்ளாடும்.

ஒவ்வொன்றுக்கும் அகராதி பார்க்காதீர்கள். சுத்தியலால் அடிபட்டான், நொறுங்கினான், பூசப்பட்டான் என்கிற மாதிரி கிட்டத்தட்ட எந்த வினையையும் அந்த இடத்தில் போட்டாலே ஆங்கிலத்தில் போதை என்று ஆகிவிடுகிறது. லேசான போதையா, நினைவே தப்பியதா என்பதை மட்டும் கவனியுங்கள். டிப்ஸி லேசு, ஹேமர்டும் பிளாஸ்டர்டும் முழு போதை.